விசாரணை தொடங்கிய பிறகு பிராதைத் திருத்துவது: ஆர்டர் 6 ரூல் 17 மனுவை வரிசையாகப் போடும் முறை

பிராதில் (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) ஒரு சர்வே எண் தப்பாக விழுந்திருக்கும். அல்லது கேட்டிருக்க வேண்டிய பரிகாரம் ஒன்று விட்டுப்போயிருக்கும். இது கண்ணில் படுகிற நாள் பெரும்பாலும் குறுக்கு விசாரணை நாளாகத்தான் இருக்கிறது. அன்று மாலையே பழைய கட்டு ஒன்றிலிருந்து ஒரு பிரமாணப் பத்திரத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, மறுநாள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 6 ரூல் 17-ன்படி திருத்த மனு போடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அது தள்ளுபடி ஆகிறது.

சார்பு நீதிமன்றங்களில் இந்த மனுவை நானும் போட்டிருக்கிறேன், எதிர்த்தும் வாதாடியிருக்கிறேன். தோற்ற மனுக்களில் பாதிக்கு மேல் சட்டத்தால் தோற்கவில்லை, வேலை செய்த வரிசை தவறியதால்தான் தோற்றன. அந்த வரிசையைக் கீழே தருகிறேன். ஜூனியர்களுக்காக எழுதுகிறேன், ஆனால் தங்கள் வழக்கைத் தாங்களே புரிந்துகொள்ள விரும்பும் கட்சிக்காரர்களும் படிக்கலாம்.

வசதிக்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். வீட்டுமனை ஒன்றுக்கு நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிர்த்தரப்பு தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) கேட்டு 2022 மார்ச்சில் வழக்கு. 2022 ஆகஸ்டில் பிரதிவாதியின் எதிருரை வருகிறது: "மனை வாதிக்குச் சொந்தமே இல்லை, என்னிடம் கிரையப் பத்திரம் இருக்கிறது." 2024 ஜனவரியில் எழுவினாக்கள் (வழக்கில் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) வகுக்கப்படுகின்றன. 2024 ஜூலையில் வாதியின் நிரூபண வாக்குமூலம் (முதல் விசாரணைக்குப் பதிலாகத் தரும் எழுத்துச் சாட்சியம்) தாக்கலாகிறது. 2025 பிப்ரவரியில் குறுக்கு விசாரணை.

1. இது திருத்த மனுவுக்கான விஷயம்தானா?

சரிபாதி நேரம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒவ்வொரு கோளாறுக்கும் தனி வழி இருக்கிறது. தவறான வழியில் போனால் மனுவுக்கு எண் கொடுக்காமலே அலுவலகம் திருப்பிவிடும், அல்லது எதிர்த்தரப்பு அதையே ஆட்சேபணையாக்கும்.

புதிய ஆவணம் சேர்க்க வேண்டுமென்றால் வாதிக்கு ஆர்டர் 7 ரூல் 14(3), பிரதிவாதிக்கு ஆர்டர் 8 ரூல் 1ஏ(3). ஆவணத்தைக் காட்டப் பிராதைத் திருத்த வேண்டியதில்லை. ஒருவரைக் கட்சியாகச் சேர்க்க ஆர்டர் 1 ரூல் 10. கட்சிக்காரர் இறந்துவிட்டால் ஆர்டர் 22, அதற்கு 90 நாள் கெடு. எதிருரையில் வந்த ஒரு விஷயத்துக்கு வெறும் பதில் சொன்னால் போதுமென்றால் ஆர்டர் 8 ரூல் 9-ன்படி அனுமதி பெற்றுப் பதிலுரை. தீர்ப்பிலோ தீர்ப்பாணையிலோ எழுத்துப்பிழை, கணக்குப்பிழை என்றால் பிரிவு 152.

அப்படியானால் ஆர்டர் 6 ரூல் 17 எதற்கு? உங்கள் வழக்குரையில் (பிராதிலோ எதிருரையிலோ) உள்ள பொருண்மையான சங்கதியோ, சொத்து விவரமோ, பரிகாரமோ மாற வேண்டும் என்றால் அதற்கு. ஆர்டர் 6 ரூல் 7-ஐயும் கூடவே படியுங்கள். முன்பு சொன்னதற்கு முரணாகவோ புதிய அடிப்படையிலோ ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், திருத்தம் வழியாக மட்டுமே சொல்ல முடியும் என்கிறது அது. சாட்சிக் கூண்டில் ஏறி முதல் முறையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இங்கேயே அடிபட்டுப்போகிறது.

2. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள்

ரூல் 17-ன் முதல் பாதி தாராளமானது. எந்தக் கட்டத்திலும், நியாயமான நிபந்தனைகளோடு, உண்மையான பிரச்சினையைத் தீர்மானிக்கத் தேவையான திருத்தங்களை நீதிமன்றம் அனுமதிக்கலாம். இரண்டாம் பாதிதான் கதவைச் சாத்துகிறது. கோர்ட்டில் புரவைசோ என்று சொல்லப்படும் இந்த வரம்புரை 2002 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. விசாரணை தொடங்கிவிட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே இதை எழுப்பியிருக்க முடியாது என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தாலன்றித் திருத்தத்தை அனுமதிக்கக் கூடாது.

ஆகவே "விசாரணை தொடங்கிய நாள்" எது என்பதுதான் முதல் கேள்வி. நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்வதே தொடக்கம்தான் என்று வித்யாபாய் எதிர் பத்மலதா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் சொன்னது. "சாட்சி இன்னும் கூண்டேறவில்லையே" என்ற வாதம் அதன் முன் நிற்காது. நம் கற்பனை வழக்கில் அந்த நாள் 2024 ஜூலை.

அதற்கு முன்பு மனு போட்டிருந்தால் உங்கள் வேலை எளிது, பெரும்பாலும் செலவுத்தொகையோடு முடியும். அதற்குப் பின்பு என்றால், திருத்தம் எவ்வளவு நியாயமானது என்று பேசுவதற்கு முன்னால் ஏன் இவ்வளவு நாள் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வித்யாபாய் தீர்ப்பின்படி அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் அனுமதிக்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லை. நீதிபதியின் விருப்புரிமை அந்தக் கதவைத் தாண்டிய பிறகுதான் வேலை செய்கிறது. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

3. எழுத உட்காரும் முன் தேதிப் பட்டியல்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரே தாளில் இரண்டு வரிசை போடுங்கள். இடப்பக்கம் வழக்கின் தேதிகள்: தாக்கல், எதிருரை, எழுவினாக்கள், நிரூபண வாக்குமூலம், குறுக்கு விசாரணை. வலப்பக்கம் நீங்கள் இப்போது சேர்க்க நினைக்கும் விஷயம் கட்சிக்காரருக்கு எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தார்.

கற்பனை வழக்குக்கு வருவோம். வாதி இப்போது, 2025 மார்ச்சில், உரிமை விளம்புகைப் பரிகாரம் (மனை தனக்கே சொந்தம் என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்க்க வேண்டும் என்கிறார். கேட்க வேண்டியதுதான். உரிமையே மறுக்கப்பட்டு, அதன்மேல் உண்மையான ஐயமும் எழுந்துவிட்டால் வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது என்பதை அனதுல சுதாகர் வழக்கு (2008) தெளிவாக்கிவிட்டது. ஆனால் வலப்பக்க வரிசையைப் பாருங்கள். உரிமை மறுக்கப்பட்டது 2022 ஆகஸ்டில். எதிருரையின் நகல் அன்றே கையில் வந்துவிட்டது. அதற்கும் 2024 ஜூலைக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருக்கிறது. "உரிய கவனத்தோடு இருந்தும்" என்று எழுத அங்கே எதுவும் இல்லை.

இதே வழக்கில் வேறொரு நிலைமை. 2024 நவம்பரில், நிரூபண வாக்குமூலம் போட்ட பிறகு, பிரதிவாதி மனைக்குள் புகுந்து வேலி போட்டுவிட்டார். இப்போது சுவாதீனம் மீட்கும் பரிகாரம் வேண்டும். இந்தச் சம்பவம் விசாரணை தொடங்கும்போது நடக்கவே இல்லை. நடக்காததை யாரும் முன்பே சொல்லியிருக்க முடியாது. புரவைசோவின் நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது. இரண்டு நிலைமையிலும் சொத்து அதேதான், கட்சிக்காரர்களும் அவர்களேதான். பதில் மட்டும் வேறு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் கடினமானவை: இருந்தது, ஆனால் தெரியவில்லை. பிரதிவாதியின் தந்தை 1990-களில் எழுதிய ஒரு பத்திரம் இப்போதுதான் வில்லங்கச் சான்றில் தெரிகிறது என்று வையுங்கள். வில்லங்கச் சான்றுக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள், எந்த ஆண்டுகளுக்குக் கேட்டீர்கள், சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்ட நாள் எது, கையில் கிடைத்த நாள் எது? இந்தச் சீட்டுகள்தான் "கவனம்" என்பதற்குச் சாட்சி. இவை இல்லாமல் வெறும் சொல்லை வைத்து மனு போடாதீர்கள்.

4. திருத்த வாசகத்தை முதலில், பிரமாணப் பத்திரத்தை அப்புறம்

எல்லோரும் பிரமாணப் பத்திரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் திருத்த வாசகத்திலிருந்து தொடங்குவேன். என்ன மாற்றுகிறோம் என்று எழுதி முடித்தால்தான் எதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் இடம் சுட்டி எழுதுங்கள்: "பிராது பத்தி 5-ல் 3-ம் வரியில் 'சர்வே எண் 112/3' என்பதை நீக்கி 'சர்வே எண் 112/3பி' என்று சேர்க்கவும்." புதிய பத்தி என்றால் 7-க்குப் பின் 7ஏ. "தேவையான இடங்களில் திருத்திக்கொள்ள அனுமதி வேண்டும்" என்ற பொதுவாசகம் வேண்டாம். எதை அனுமதிக்கிறோம் என்று தெரியாமல் நீதிபதி எப்படி எடைபோடுவார்?

பிறகு ஒரு மாற்றம் வேறெதையெல்லாம் தொடுகிறது என்று பாருங்கள். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். விளம்புகைப் பரிகாரம் சேர்த்தால் பரிகாரப் பத்தி மட்டும் மாறாது. உரிமை எப்படி வந்தது என்ற சங்கதி, வழக்குமூலம் (வழக்குப் போடுவதற்கான காரணம்) எழுந்த தேதி, மதிப்பீடு, கட்டணம், சொத்து விவரம் என்று ஆறேழு இடம் மாறும். வழக்குமூலத் தேதியை விட்டுவிட்டு, பிறகு அதற்காக இன்னொரு திருத்த மனு போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை நீதிபதியின் முகம் முதல் முறைபோல் இருக்காது.

சங்கதியை எழுதுங்கள், சாட்சியத்தை எழுதாதீர்கள். ஆர்டர் 6 ரூல் 2 திருத்தத்துக்கும் பொருந்தும்.

5. காலவரம்பைத் தனியாகச் சோதியுங்கள்

புரவைசோ ஒரு கேள்வி, காலவரம்பு வேறொரு கேள்வி. ஒன்றில் தேறினாலும் மற்றதில் விழலாம்.

இன்று புதிதாக ஒரு வழக்குப் போட்டால் இந்தப் பரிகாரம் காலவரம்புக்குள் இருக்குமா? இதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்புகைக்கு, வழக்கிடும் உரிமை முதன்முதல் எழுந்ததிலிருந்து 3 ஆண்டு. ஏற்றதை ஆற்றும் (ஒப்பந்தப்படி நடக்க வைக்கும்) பரிகாரத்துக்கும் 3 ஆண்டு. உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் மீட்க 12 ஆண்டு. நம் வழக்கில் எதிருரைத் தேதியிலிருந்து கணக்கிட்டால் விளம்புகைக்கு 2025 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. ஆக 2025 மார்ச்சில் போடும் மனு காலவரம்பில் தேறும், புரவைசோவில் தடுமாறும்.

காலம் கடந்த பரிகாரத்தைப் பொதுவாகத் திருத்தத்தின் வழியே உள்ளே விடமாட்டார்கள், எதிர்த்தரப்புக்குச் சேர்ந்துவிட்ட ஓர் உரிமையை அது பறிக்கும் என்பதால். கடந்துவிட்டதா இல்லையா என்பதே வாதத்துக்குரியது என்றால், அனுமதித்துவிட்டு அதை ஓர் எழுவினாவாக வைக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ரகு திலக் டி. ஜான் வழக்கு (2001) இதற்குக் கைகொடுக்கும்.

இன்னொன்று. அனுமதிக்கப்பட்ட திருத்தம் வழக்குத் தாக்கலான நாள் முதலே இருந்ததாகக் கொள்ளப்படும். இது பொதுவிதி, மாற்ற முடியாத விதி இல்லை. சம்பத்குமார் எதிர் அய்யாக்கண்ணு வழக்கில் (2002) வாதி 1988-ல் உறுத்துக்கட்டளை கேட்டிருந்தார். 1989-ல் சுவாதீனம் பறிபோனது என்று சொல்லி, 1999-ல் விளம்புகையும் சுவாதீனமும் சேர்க்கக் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் வரை மறுத்ததை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் புதிய பரிகாரம் திருத்த மனு போட்ட நாளில்தான் கேட்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்றது. உங்கள் கணக்கு காலவரம்பின் விளிம்பில் இருந்தால், இப்படியொரு நிபந்தனையை நீங்களே மாற்றாக முன்வையுங்கள். எதிர்த்தரப்பின் பெரிய ஆட்சேபணை அதோடு பலம் இழக்கும். மறந்துவிடாதீர்கள், அந்த வழக்கில் விசாரணை தொடங்கியிருக்கவில்லை.

6. கட்டணமும் அதிகார வரம்பும்

தமிழ்நாட்டில் விளம்புகையோடு உறுத்துக்கட்டளை என்றால் சொத்தின் சந்தை மதிப்பில் பாதிக்குக் கட்டணம், விளம்புகையோடு சுவாதீனம் என்றால் முழு மதிப்புக்கு. விகிதம் 3 சதவீதம். மனை 8 லட்சம் ரூபாய் என்றால் முதலாவதுக்கு 12,000, இரண்டாவதுக்கு 24,000. இதைக் கட்சிக்காரரிடம் மனு போடும் முன்பே சொல்லிவிடுங்கள். உத்தரவு வாங்கிய பிறகு பணம் புரட்ட முடியாமல் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

புதிய மதிப்பு அந்த நீதிமன்றத்தின் பண அதிகார வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள். தாண்டினால் உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் பிராது திருப்பித் தரப்படும். அதனால் ஆகும் தாமதத்தையும் சேர்த்துத்தான் திருத்தம் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும்.

7. பிரமாணப் பத்திரம்

மூன்றாம் படியில் போட்ட தாளை அப்படியே உரைநடையாக்கினால் பிரமாணப் பத்திரம் தயார். வழக்கு என்ன, எந்தக் கட்டம், என்ன மாற்றம், எப்போது தெரிந்தது, தெரிந்த நாளிலிருந்து மனு போட்ட நாள் வரை என்ன நடந்தது, எதிர்த்தரப்புக்கு ஏன் ஈடுகட்ட முடியாத பாதிப்பு இல்லை. இந்த வரிசை போதும்.

"கவனக்குறைவால் விடுபட்டுவிட்டது" என்ற ஒரு வரிதான் மனுக்களைக் கொல்கிறது. கவனத்தோடு இருந்தேன் என்று காட்ட வேண்டிய இடத்தில் கவனமில்லை என்று நீங்களே சத்தியம் செய்கிறீர்கள். ஜே. சாமுவேல் எதிர் கட்டு மகேஷ் வழக்கில் (2012) இதுதான் நடந்தது. ஏற்றதை ஆற்றக் கேட்ட வழக்கில், வாதி தன் பங்கை நிறைவேற்றத் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்ற கட்டாய வாசகம் பிராதில் இல்லை. வாதங்கள் முடிந்த பிறகு, தட்டச்சுப் பிழை என்று சொல்லித் திருத்தக் கேட்டார்கள். இப்படியொரு முக்கியமான சங்கதி மொத்தமாக விடுபட்டதைத் தட்டச்சுப் பிழை என்று ஏற்க முடியாது, கவனம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

முந்தைய வழக்கறிஞர் மேல் பழி போடுவதும் அநேகமாக எடுபடாது. அதோடு, அவர் அதே பார் அறையில்தான் உட்கார்ந்திருப்பார்.

கட்சிக்காரரே சத்தியம் செய்யட்டும். எப்போது தெரிந்தது என்பது அவர் மனதில் உள்ள விஷயம், வக்கீல் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. பழைய கட்டிலிருந்து எடுத்த வாசகம் என்றால் ஒவ்வொரு எண்ணையும் சரிபாருங்கள். சர்வே எண்ணைத் திருத்தக் கேட்ட மனுவிலேயே வேறொரு வழக்கின் சர்வே எண் இருந்ததை ஒருமுறை பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சத்தமாகப் படித்தார். வேறெதுவும் அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

8. வாத நாளில் நீதிபதி எடைபோடுபவை

ரேவாஜீத்து பில்டர்ஸ் வழக்கு (2009) ஒரு பட்டியலே தந்திருக்கிறது. திருத்தம் இல்லாமல் வழக்கைச் சரியாகத் தீர்க்க முடியாதா, நல்லெண்ணத்தோடு கேட்கப்படுகிறதா, எதிர்த்தரப்புக்குப் பணத்தால் ஈடுகட்ட முடியாத பாதிப்பு உண்டா, மறுத்தால் அநீதியோ பல வழக்குகளோ வருமா, வழக்கின் தன்மையே மாறுகிறதா, காலவரம்பு கடந்ததா.

திருத்தத்தில் உள்ள சங்கதி உண்மையா பொய்யா என்பது இந்தக் கட்டத்தில் கேள்வியே இல்லை. அதை நிரூபிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

தீர்ப்புகளைக் காட்டும்போது ஓர் எச்சரிக்கை. எல்.ஐ.சி. எதிர் சஞ்சீவ் பில்டர்ஸ் (2022) தீர்ப்பின் தாராளமான வரிகளை எல்லா ஜூனியர்களும் கொண்டுவருகிறார்கள். அந்த வழக்கு 1986-ல் போடப்பட்டது. 2002 ஜூலைக்கு முன் தாக்கலான வழக்குரைகளுக்குப் புரவைசோ பொருந்தாது. உங்கள் வழக்கு 2022-ஐச் சேர்ந்தது என்றால், எதிரில் இருப்பவர் அதைச் சொன்னதும் உங்கள் தீர்ப்பு நகல் வெறும் தாளாகிவிடும்.

பிரதிவாதி எதிருரையைத் திருத்துவதில் கை கொஞ்சம் தாராளம். மாற்றுத் தற்காப்பும் முரணான தற்காப்பும்கூட எடுக்கலாம் என்று உஷா பாலாசாகேப் சுவாமி வழக்கு (2007) சொல்கிறது. ஆனால் வாதிக்குச் சாதகமாகச் செய்த தெளிவான ஒப்புதலை அடியோடு எடுத்துவிடத் திருத்தத்தைப் பயன்படுத்த முடியாது.

9. குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் பக்கவாசல்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏற்றதை ஆற்றும் வழக்கில் சுவாதீனம், பாகம் அல்லது முன்பணம் திரும்பப் பெறுவது பிராதில் கேட்கப்படவில்லை என்றால், பிரிவு 22(2) எந்தக் கட்டத்திலும் திருத்த அனுமதிக்கச் சொல்கிறது. இழப்பீட்டுக்குப் பிரிவு 21(5). உங்கள் விஷயம் இதில் அடங்கினால் மனுவின் தலைப்பிலேயே இந்தப் பிரிவுகளையும் குறிப்பிடுங்கள். புரவைசோவோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

10. அனுமதி கிடைத்ததும்: 14 நாள்

உத்தரவில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் உத்தரவு நாளிலிருந்து 14 நாளுக்குள் திருத்தத்தைச் செய்ய வேண்டும். இது ரூல் 18. தவறினால் நீதிமன்றம் காலத்தை நீட்டித்தால் ஒழியத் திருத்த முடியாது. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள்.

செலவுத்தொகை நிபந்தனை இருந்தால் முதலில் அதைக் கட்டி ரசீதோடு மெமோ போடுங்கள். கூடுதல் கட்டணத்தைச் செலுத்துங்கள். மூலப் பிராதில் சிவப்பு மையில் திருத்தி, எந்த மனுவின் எந்தத் தேதி உத்தரவு என்று ஓரத்தில் குறித்து, திருத்திய பிராதின் சுத்த நகலைத் தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்கும் கொடுங்கள். உத்தரவில் இல்லாத ஒரு காற்புள்ளியைக்கூட அந்தச் சாக்கில் மாற்றாதீர்கள்.

அதன் பிறகு பிரதிவாதி கூடுதல் எதிருரை போடலாம். புதிய விஷயத்துக்கு ஆர்டர் 14 ரூல் 5-ன்படி கூடுதல் எழுவினா கேளுங்கள், அது தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள். சாட்சியத்தில் திருத்தப்பட்ட சங்கதி பற்றி ஒன்றுமே இல்லை என்றால் கூடுதல் நிரூபண வாக்குமூலத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

11. தள்ளுபடி ஆனால்

இந்த உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. பிரிவு 115 சீராய்வும் பொதுவாகக் கிடைக்காது. தமிழ்நாட்டில் அரசியலமைப்புச் சட்டம் 227-வது கூறின்படி சென்னையிலோ மதுரைக் கிளையிலோ சி.ஆர்.பி. (உரிமையியல் சீராய்வு மனு) போடுவதுதான் வழி. உயர் நீதிமன்றம் அங்கே மேல்முறையீடுபோல எல்லாவற்றையும் மறுபடி எடைபோடாது. கீழ் நீதிமன்றம் புரவைசோவைக் கவனிக்காமல் விட்டதா, தவறான தேதியை விசாரணைத் தொடக்கமாகக் கொண்டதா என்பதுபோல் திட்டவட்டமாகக் காட்டுங்கள். போகாமல் விட்டாலும், இறுதித் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும்போது பிரிவு 105-ன்படி இந்த உத்தரவின் தவறையும் ஒரு காரணமாக எழுப்பலாம்.

நம் கற்பனை வழக்கின் வாதியைப்போல, காலவரம்பு இன்னும் மிச்சம் இருந்து புரவைசோவில் மட்டும் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆர்டர் 23 ரூல் 1(3) உண்டு. முறையான குறைபாடு அல்லது வேறு போதுமான காரணம் காட்டி, புதிதாக வழக்கிட அனுமதியோடு வழக்கைத் திரும்பப் பெறலாம். அனுமதி இல்லாமல் திரும்பப் பெற்றால் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்கிட முடியாது. இதில் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் வழக்கு நடந்த காலம் காலவரம்புக் கணக்கில் கழிக்கப்படாது, 2025 ஆகஸ்டுக்குள் புதிய பிராது தாக்கலாகியிருக்க வேண்டும்.